கை மட்டும் தெரிந்த கலைஞர்: ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ

குறுந்தொகையைத் தொகுத்த சான்றோர் ஓர் அரிய பண்பாட்டை நமக்கு விட்டுச் சென்றுள்ளனர். பாடல் கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அந்நிலையில் அவர்கள் அவ்விடத்தை வெறுமையாக விடவில்லை. பாடலிலேயே ஒளிர்ந்த தொடர் ஒன்றை எடுத்துப் புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவையே. படைப்பு நின்று படைத்தவர் மறைவது முறையன்று என்னும் உணர்வு அதில் பொதிந்துள்ளது.

இவ்வகையில் பெயர் அறியப்படாமலேயே தமிழ்நாட்டுச் சிறுவர் சிறுமியரின் உள்ளத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர் ஓர் ஐரோப்பிய ஓவியர். இரும்புக்கை மாயாவியை அறியாதார் நம்மிடையே சிலரே இருப்பர். அம்மாயாவிக்கு உருவம் தந்தவர் யார் எனக் கேட்டால் விடை கூறுவோரும் சிலரே. அவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அவருடைய வாழ்வையும், கவிதை எழுதுவோர் அவரிடம் கற்கத்தக்கதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் பயிற்சியும்

பிளாஸ்கோ 1919-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் பார்சலோனா நகரில் பிறந்தார். ஓவியத்தைத் தாமே முயன்று கற்றவர். அலெக்ஸ் ரேமண்ட், மில்டன் கானிஃப் முதலிய அமெரிக்கப் படக்கதை ஓவியர்களின் அச்சுப் பக்கங்களே அவருக்கு ஆசான்களாயின. அருகில் இல்லாத ஆசானை முன்னிறுத்திக் கற்ற ஏகலைவனின் வழி அது. ரேமண்டிடமிருந்து உடலின் நளினத்தையும், கானிஃபிடமிருந்து கருமையைக் கையாளும் துணிவையும் அவர் பெற்றார் எனலாம்.

1935-இல், பதினாறு வயதை எட்டும் பருவத்தில், அவருடைய படங்கள் இதழ்களில் வரத் தொடங்கின. அவ்வாண்டிலேயே போலிச்சே என்னும் இதழில் குட்டோ என்னும் சிறுவனைப் படைத்தார். மறு ஆண்டு ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1939 ஜனவரியில் பார்சலோனா வீழ்ந்தது. ஓர் இளைஞனின் கை பழகித் தேற வேண்டிய ஆண்டுகளைப் போர் விழுங்கிற்று. போருக்குப்பின் வந்த பிராங்கோ ஆட்சியில் தணிக்கையும் வறுமையும் நாட்டை அழுத்தின.

அக்காலத்தே ஸ்பானியப் படக்கதைக்குப் புகலிடமாக விளங்கியது சீகோஸ் என்னும் சிறுவர் இதழ். 1938-இல் சான் செபாஸ்தியான் நகரில் தோன்றிய அவ்விதழை நடத்தியவர் கொன்சுவேலோ ஹில் என்னும் பெண்மணி. குட்டோ அங்கே மறுவாழ்வு பெற்றான். 1945-இல் வெளியான, கீழை நாடுகளைக் களமாகக் கொண்ட குட்டோவின் கதை, ஸ்பானியப் படக்கதையின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. 1941-இல் சிறுமியர்க்காக அவர் படைத்த சின்னஞ்சிறு அனிதாவும் பெரும்புகழ் பெற்றாள். ஒரே கை வீரத்தையும் மழலையையும் வரைந்தது என்பது நினைக்கத்தக்கது.

குடும்பமே பட்டறை

பிளாஸ்கோவின் தம்பியரான அலெஹாந்திரோ, அத்ரியானோ ஆகியோரும், தங்கை பிலியும் ஓவியர்களே. வீடே பட்டறையாயிற்று. பல பக்கங்களில் ஒருவர் கை எங்கே முடிகிறது, மற்றவர் கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுதல் அரிது.

இதனைத் திருப்புட்குழியில் வாழும் நமக்கு விளக்கவேண்டுவதில்லை. கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இருவர் அமர வேண்டும். உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. இரண்டையும் பூட்டுவதற்கு இன்னொரு கை வேண்டும். தார் சுற்றுபவர் வீட்டின் ஒரு மூலையில் இருப்பார். சேலை விலையாகிக் கடைக்குச் சென்றபின் அதில் கடையின் பெயர் இருக்கும். நெய்த குடும்பத்தின் பெயர் இராது. பிளாஸ்கோ குடும்பத்தின் உழைப்பும் பெரும்பாலும் அவ்வாறே கடல் கடந்தது.

லண்டனுக்குச் சென்ற பக்கங்கள்

1950-களில் இங்கிலாந்துப் பதிப்பகங்கள் ஸ்பானிய ஓவியர்களை நாடின. ஸ்பெயினில் கிடைத்ததைவிட அங்கே ஊதியம் மிகுதி. ஓவியர்கள் தம் ஊரிலேயே இருந்து வரைந்து அஞ்சலில் அனுப்பினர். ஆயின் அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் வார இதழ்களில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அச்சிடப்படுவதில்லை. வரைந்த மூலப் பக்கங்கள் திருப்பித் தரப்படுவதுமில்லை. அவற்றுட் பல அழிந்துபோயின.

1962 அக்டோபரில் வேலியண்ட் என்னும் வார இதழ் தொடங்கப்பெற்றபோது அதில் இரும்புக்கைத் தொடரும் தொடங்கியது. கதையை முதலில் கென் பல்மரும், பின்னர் டாம் டல்லியும் எழுதினர். பெரும்பகுதியை வரைந்தவர் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளனான லூயி கிராண்டல் விபத்தில் வலக்கையை இழந்தவன். அவனுக்கு எஃகுக் கை பொருத்தப்படுகிறது. உடலில் மிகுமின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறையும். எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. முதலில் தீய வழியில் சென்று, பின்னர் நாட்டைக் காக்கும் ஒற்றனாக மாறுகிறான்.

இல்லாததை வரைதல்

இங்கே ஓவியர்க்கு நேர்ந்த இடர்ப்பாட்டைப் புலவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கதைத்தலைவன் பெரும்பொழுது கண்ணுக்குத் தெரியாதவன். தெரியாதவனை எவ்வாறு வரைவது?

பிளாஸ்கோ அவனை வரையவில்லை. அவனைச் சூழ்ந்துள்ளவற்றை வரைந்தார். வெற்றிடத்தில் ஒரு கை மிதக்கும். அதன் விரல்கள் வளைந்திருக்கும் வகையில் சினமும் அச்சமும் களைப்பும் புலப்படும். எதிரில் நிற்போரின் விரிந்த கண்கள், கை இருக்கும் இடத்திற்குச் சற்று மேலே, முகம் இருக்கவேண்டிய வெளியைத் தேடும். அக்கண்களின் நோக்கால் காணாத முகம் படிப்போர் உள்ளத்தில் உருவாகும். கட்டத்தின் பாதி கருமையில் ஆழ்ந்திருக்க, ஒளி ஒரு பக்கத்திலிருந்து எஃகின்மீது விழும். நுண்ணிய கோடுகளால் பொருள்களின் திண்மையை உணர்த்திவிட்டு, வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிடுவார்.

நம் அகப்பாடல்கள் உள்ளத்தைச் சொல்லாது நிலத்தையும் பொழுதையும் பறவையையும் சொல்லி உள்ளத்தை உணரவைப்பன. கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளைப் பெறவைக்கும் அந்நெறியும் பிளாஸ்கோவின் நெறியும் வேறல்ல. துயரத்தைத் துயரம் என்றே எழுதிவிடும் இளங்கவிஞர்கள் அவருடைய பத்துப் பக்கங்களைப் பார்த்தால், சொல்லாமல் விடும் இடத்தின் வலிமையை எளிதில் அறிந்துகொள்வர்.

சிவகாசி வழியே

1972-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரலாயிற்று. பதிப்பாளர் சௌந்தரபாண்டியன், தொடக்ககால ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் வெளியீடே இரும்புக்கை மாயாவி. நாட்காட்டிகளும் தீப்பெட்டி ஒட்டுப்படங்களும் அச்சாகிய ஊரில் பார்சலோனாவின் கோடுகளும் அச்சாயின. மலிவான தாளில் மை சற்றுப் பரவினும் படங்களின் உயிர் குன்றவில்லை. பாம்புத் தீவு, உறைபனி மர்மம் முதலிய நூல்கள் கைமாறிக் கைமாறி அட்டை கிழியும்வரை படிக்கப்பட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவத்தினர் பலருக்கு அவை வாசிப்பின் வாயிலாயின. மாயாவி என்னும் சொல்லின் பொருத்தமும் கருதத்தக்கது. நம் பழங்கதைகளில் உருமாறும் வல்லமை பெற்றோர்க்கு வழங்கிய சொல், கருவியால் கை பெற்ற ஒருவனுக்கு இயல்பாக அமைந்துவிட்டது.

பிற்காலம்

1968-இல் தொடங்கி ஸ்பிரூ என்னும் இதழில் அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட தொடரொன்றைப் பிளாஸ்கோ வரைந்தார். விவிலியக் கதைகளையும் ஓவியமாக்கினார். முதுமையில் இத்தாலியப் பதிப்பகத்திற்காக டெக்ஸ் வில்லர் கதைகள் சிலவற்றையும் வரைந்தார். 1982-இல் இத்தாலியின் லூக்கா நகர விழாவில் அவருக்கு மஞ்சள் சிறுவன் விருது அளிக்கப்பெற்றது. உடன்தொழில் செய்வோர் அவரை ஆசானாக ஏற்றதன் அடையாளம் அது. 1995 அக்டோபர் 21-ஆம் நாள், எழுபத்தாறு அகவை நிறைவதற்குச் சில நாள்களே இருக்க, பார்சலோனாவில் மறைந்தார்.

தொடர் தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப்பின், 2021-இல் இங்கிலாந்தில் வெளியான இரும்புக்கைத் தொகுப்பு எழுதியோர் பெயர்களோடு அவர் பெயரையும் தாங்கி வந்தது. காலம் தாழ்ந்த நீதியெனினும் நீதியே.

நிறைவாக

உடல் மறைந்து கை மட்டும் தெரிந்தவன் கிராண்டல். அவனை வரைந்தவரும் அவ்வாறே வாழ்ந்தார். கை தெரிந்தது, முகம் தெரியவில்லை. இவ்வொப்புமையைக் கதையாசிரியர் எண்ணியிரார், காலம் அமைத்துக்கொடுத்தது.

தமக்கு உறவல்லாத சடாயுப் பறவைக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய நிலம் எனப் போற்றப்படுவது நம் ஊர். உறவும் மொழியும் பாராது நன்றி செலுத்தும் மரபு இம்மண்ணுக்கு உரியது. பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டுத் திருத்தி வளர்ந்த நம் வட்டத்தினர், இனி ஒரு பழைய மாயாவி நூல் கைக்குக் கிடைக்குமாயின், அதன் முதற்பக்கத்தில் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் பெயரை எழுதிவைத்தல் வேண்டும். குறுந்தொகைச் சான்றோர்க்குப் பெயர் கிடைக்கவில்லை, ஆகவே சூட்டினர். நமக்குப் பெயர் கிடைத்திருக்கிறது, எழுதுவதொன்றே எஞ்சியுள்ளது.