டி. வி. சுந்தரம் அய்யங்கார்

திருக்குறுங்குடி வே. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியாவில் தானுந்துப் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். மதுரையில் தோன்றிய டி.வி.எஸ். குழுமத்தின் நிறுவனர். டி.வி.எஸ். என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இருசக்கர வண்டிகளே. ஆனால், டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த 1980ஆம் ஆண்டில் இவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. இவர் ஊர்தி உற்பத்தியாளர் அல்லர். பிறர் உருவாக்கிய ஊர்திகளை வாங்கி ஓட்டியவர், விற்றவர், அவை நின்றுவிடாமல் பராமரிக்கும் வழிகளைத் தொழிலாக வளர்த்தவர்.

இளமை

சுந்தரம் அய்யங்கார் திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் இரயில்வேயிலும், அதன்பின் ஒரு வங்கியிலும் பணியாற்றினார். நிலையான வருவாய் தந்த இவ்வேலைகளை விடுத்து, 1911 இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்சு நிறுவனத்தைத் தொடங்கினார்.

பேருந்துச் சேவை

1912 இல் மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். அக்காலத்தில் ஊர்தியும் உதிரிப் பாகங்களும் கப்பலில் வந்து சேரவேண்டும். சாலைகளோ மாட்டு வண்டிகளுக்காக அமைந்தவை. வண்டி மாடுகளின் குளம்பில் அடிக்கப்படும் லாடத்தின் ஆணிகள் கழன்று சாலையில் விழுவது வழக்கம். இரும்புப் பட்டையிட்ட மரச் சக்கரத்துக்கு அதனால் கேடில்லை. காற்றடைத்த டயருக்கு ஓர் ஆணி போதும். பேருந்து செல்லும் சாலையில் காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி இவ்வாணிகளைப் பொறுக்கி எடுக்கச் சுந்தரம் அய்யங்கார் ஏற்பாடு செய்தார் என்று கூறப்படுகிறது. பயணிகள் சாலையோரத்தில் காத்திருக்க நேர்ந்தால் காலக்குறிப்புக்குப் பொருளில்லை. அவரது பேருந்துகள் நேரந்தவறாமைக்குப் பெயர் பெற்றவை.

கொங்குப் பகுதியில் ஜி. டி. நாயுடு 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். தமிழகத்தின் தொடக்ககாலப் பேருந்து வரலாற்றில் இவ்விருவரின் பெயர்களும் சேர்த்தே பேசப்படுகின்றன.

சுந்தரம் அய்யங்காரின் பேருந்துகளும் சரக்குந்துகளும் சதர்ன் ரோடுவேசு என்ற பெயரில் இயங்கின. சுந்தரம் மோட்டார்சு, மெட்ராசு ஆட்டோ சர்வீசு ஆகிய நிறுவனங்கள் ஊர்தி விற்பனை, உதிரிப் பாகங்கள், பழுதுபார்ப்பு ஆகியவற்றில் ஈடுபட்டன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சு நிறுவன ஊர்திகளின் முதன்மையான விற்பனையாளராக இக்குழுமம் விளங்கியது.

போர்க்காலமும் டயர் புதுப்பித்தலும்

இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பெட்ரோலுக்கு மாற்றாக, மரக்கரியை எரித்துப் பெறும் வாயுவால் எஞ்சினை இயக்கும் டி.வி.எஸ். கேசு பிளாண்ட் என்னும் கருவியைச் சுந்தரம் அய்யங்கார் உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். கரிவாயுவில் எஞ்சினின் திறன் குறையும். ஏற்றங்களில் வண்டி திணறும். ஆயினும் வண்டி ஓடியது.

ரப்பரின் நிலை இதனினும் மோசமானது. 1942 தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும், அவற்றைத் தொடர்ந்து டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் சப்பானியர் வசமாயின. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி விளைந்த நிலம் நேச நாடுகளுக்குக் கிடைக்காமற் போயிற்று. புதிய டயர் அரிதான இத்தகைய சூழலில், தேய்ந்த டயரை மீண்டும் ஓடச்செய்வதே பேருந்து ஓட்டுவோருக்கு வழி. சுந்தரம் அய்யங்கார் நிறுவிய தொழில்களுள் டயர் புதுப்பிக்கும் தொழிற்சாலையும் ஒன்று.

டயரில் சாலையைத் தொடும் மேற்பட்டைதான் முதலில் தேய்கிறது. உள்ளே இழைகளால் ஆன கூடு நலமாக இருந்தால், பழைய பட்டையை அராவி நீக்கி, புது ரப்பரை ஒட்டி, அச்சில் வைத்துச் சூடாக்கி இறுகச் செய்யலாம். இதற்குத் தேவைப்படும் ரப்பர் புது டயருக்கு வேண்டியதில் ஒரு பகுதியே. கூடு பழுதுபட்டிருந்தால் மேலே எவ்வளவு நல்ல ரப்பரை இட்டும் பயனில்லை என்பதால், எந்த டயரைத் தள்ளுவது என்று தெரிந்துகொள்வதே இத்தொழிலின் கடினமான பகுதி. விட்டமும் கவனிக்கப்படவேண்டும். பின்னச்சில் இணையாக ஓடும் இரு டயர்களுள் ஒன்று பெரிதாயின் சுமை அதன்மேல் விழுந்து, அது விரைவில் சூடேறித் தேயும். தானுந்தில் பெரிய சக்கரம் பொருத்த விரும்புவோரும் இந்த விட்டக் கணக்கிலிருந்து தப்ப முடியாது: சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச்சுவரை அதற்கேற்பக் குறைத்து மொத்த விட்டத்தை ஏறத்தாழ நிலையாக வைக்கவேண்டும். இல்லையேல் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும்.

பல்லடம், திருப்பூர் வழியே நூலும் துணியும் ஏற்றிச் செல்லும் சரக்குந்துகளிலும் பின் சக்கரங்களில் புதுப்பித்த டயர்களைக் காணலாம். முன் சக்கரங்களுக்குப் பெரும்பாலும் புது டயரே இடப்படுகிறது.

குடும்பம்

இவரது மனைவி இலட்சுமி. மகன்கள் டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோர் தொழிலை ஏற்று நடத்தினர்.

மகள் டி. எஸ். சௌந்தரம் இளவயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்ணை வீட்டுக்குள் ஒடுக்கி வைப்பதே வழக்கமாயிருந்த அக்காலத்தில் அவர் தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936 இல் மருத்துவரானார். 1940 இல் காந்தியின் முன்னிலையில் வேறு சாதியைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இவ்விணையர் 1947 இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர். தந்தையின் தொழில்களை மட்டும் பேசும் வரலாறுகள் இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது பொருத்தமன்று.

மறைவும் பின்னரும்

சுந்தரம் அய்யங்கார் 1955 ஏப்ரல் 28 அன்று தமது 78ஆம் வயதில் காலமானார். அதன்பின் குழுமம் பராமரிப்பிலிருந்து உற்பத்திக்கு நகர்ந்தது. ஊர்திகளுக்குச் சக்கரம் செய்யும் வீல்சு இந்தியா 1960 இல் தொடங்கப்பட்டு, சென்னையை அடுத்த பாடியில் ஆலை அமைத்தது. லூகாசு டி.வி.எஸ்., பிரேக்சு இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியன அடுத்த சில ஆண்டுகளில் உருவாயின. மதுரையில் டயர் தயாரிக்கும் டி.வி.எஸ். சீசக்ரா பின்னாளில் தோன்றியது.

பேருந்துகள் மட்டும் குடும்பத்திடம் தங்கவில்லை. தமிழ்நாடு அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியது. 1972 இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அவற்றைக் கொண்டே இயங்கத் தொடங்கியது.