அண்ணலுக்குத் தோள் கொடுத்த தோழமை

மாணவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் அண்ணல் அம்பேத்கர் பெற்ற பட்டங்களை எண்ணிச் சொல்கிறோம். அப்பட்டங்களுக்கிடையே அவர் பிழைப்புத் தேடி அலைந்த ஆண்டுகளைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே விடுதியில் உடன் தங்கிய நவல் பதேனா என்னும் பார்சி மாணவர் அவருடைய நெடுநாள் நண்பரானார். 1916இல் இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் பயிலத் தொடங்கினார். மறு ஆண்டே உதவித்தொகை முடிவுற்றதால், படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பினார்.

பரோடா அரசில் உயர்பதவி கிடைத்தது. குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் சாதியை மறைத்துத் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கும்பல் வெளியேற்றியது. பம்பாய் திரும்பியவர் தனிப்பயிற்சி அளித்தார். முதலீட்டு ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோதும், ஆசிரியர்களுக்கான பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதற்குச் சக ஆசிரியர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இத்தனை கதவுகள் மூடப்பட்டபோதும், தம் தகுதியை அவர் ஐயுறவில்லை. குறை தம்மிடம் இல்லை, கதவை மூடிய சாதியிடமே இருக்கிறது என்பதில் தெளிவாக இருந்தார். 1920இல் சம்பளச் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகராஜ் அளித்த உதவி, பதேனா கொடுத்த 5,000 ரூபாய்க் கடன் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு மீண்டும் இலண்டன் சென்றார். டி.எஸ்சி. பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்று 1923இல் திரும்பியபோது, வழக்குரைஞராகப் பதிவு செய்யவும் கையில் பணமில்லை. அப்போதும் உதவியவர் பதேனாவே. தொடக்கத்தில் வழக்குகள் அரிதாகவே வந்தன. 1925 முதல் கணக்கியல் பயிற்சி நிலையமொன்றில் பகுதிநேர விரிவுரையாளராகவும் பணியாற்றினார்.

விடுதி அறையில் தொடங்கிய ஒரு நட்பு, பத்தாண்டுகள் கடந்தும் அவருக்குத் துணை நின்றது. ஆனால், எல்லோருக்கும் ஒரு பதேனா வாய்ப்பதில்லை. தற்செயலாய் அமையும் நட்பை நம்பி ஒரு சமூகம் முன்னேற இயலாது. 1924இல் அண்ணல் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, மறு ஆண்டிலேயே சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு விடுதி திறந்ததை நாம் இவ்வாறே புரிந்துகொள்கிறோம். தமக்குக் கிடைத்த தோழமையை அவர் பிறருக்கான அமைப்பாக மாற்றினார்.

இன்று முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் மாணவர் ஒரு தேர்வில் தோற்றாலோ, ஒரு வேலையை இழந்தாலோ, தமக்குத் தகுதியில்லை என்று நம்பவைக்கப்படுகிறார். அவ்வேளையில் அவரருகே யார் இருக்கிறார் என்பதே அடுத்த வழியைத் தீர்மானிக்கிறது. அங்கே இருக்க வேண்டியவர்கள் நாம்.