புடவை மூட்டையோடு போனவர்: கோ. நடேசய்யர்

எங்கள் கடையில் பழைய கஜக்கோல் ஒன்று இருக்கிறது. இரு நுனியிலும் பித்தளைப் பூண் போட்டது. இப்போது யாரும் அதனால் துணி அளப்பதில்லை. ஆனாலும் வாப்பா அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். வாப்பாவின் பாட்டனார் அதை ஊன்றிக்கொண்டுதான் புடவை மூட்டையைச் சுமந்து ஹாலிஎலயைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு நடந்திருக்கிறார். பஸாரில் கடை வைத்தது அதற்குப் பிறகுதான்.

சென்ற தவணையில் எங்கள் வரலாற்று ஆசிரியை, சமூகச் சீர்திருத்தத்துக்காக உழைத்த ஒருவரைப் பற்றி எழுதி வரும்படி சொன்னார். அமெரிக்காவின் தொழிற்சாலைக் காலத்தைப் பற்றிய ஒரு நூலையும் வாசிக்கத் தந்தார். 1892 ஆம் ஆண்டு முதல் நியூயோர்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு வழியாகக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் அந்நாட்டில் இறங்கியதையும், சிக்காகோ போன்ற நகரங்கள் அவர்களின் உழைப்பால் பெருத்ததையும் அதில் வாசித்தேன். அப்டன் சிங்கிளேயர் என்ற எழுத்தாளர் 1904 இல் சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளுக்குள் தொழிலாளியைப் போல உடுத்திச் சென்று, ஏழு வாரங்கள் பார்த்ததை நாவலாக எழுதினார். 1906 இல் அது நூலாக வந்ததும் நாடே கொதித்தது. அவ்வருடமே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. அவரையே எழுதலாம் என்று நினைத்திருந்தேன்.

அதற்கிடையில் நூலகத்தில் மலையக வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டினேன். புடவை வியாபாரி வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்த ஒரு பத்திரிகையாளரின் கதை அதில் இருந்தது. எங்கள் கடைச் சுவரில் தொங்கும் கஜக்கோல் உடனே நினைவுக்கு வந்தது. சிக்காகோவை விட்டுவிட்டு அவரைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

கோ. நடேசய்யர் தஞ்சை மாவட்டத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே வர்த்தகர்களுக்காக ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையை நடத்திவந்தார். முதன்முதலில் இலங்கைக்கு வந்ததும் தொழிலாளருக்காக அல்ல, வர்த்தகச் சங்க வேலையாகத்தான். வந்த இடத்தில் தோட்டத்து மக்களின் நிலையைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதை நேரில் காண விரும்பினார்.

அது அத்தனை எளிதான காரியமாக இருக்கவில்லை. தோட்டம் என்பது கம்பனியின் தனிச்சொத்து. துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடலாம். லயத்தில் பிறந்து வளர்ந்தவனைப் பார்க்க அவனுடைய சொந்தக்காரன் வந்தாலும் பயந்து பயந்துதான் வரவேண்டும். ஆனால் புடவை வியாபாரிக்கு மட்டும் வழி திறந்திருந்தது. தொழிலாளிக்கு உடுதுணி வேண்டும். அதை வாங்க அவள் டவுனுக்கு இறங்கினால் ஒருநாள் வேலை கெட்டுவிடும். ஆகவே மூட்டையோடு வருபவனைத் தோட்டத்தில் தடுப்பதில்லை. நடேசய்யரும் அப்படியே மூட்டையோடு லயங்களுக்குப் போனார்.

அங்கே அவர் என்ன கண்டிருப்பார் என்பதை விளங்கிக்கொள்ள, அந்த மக்கள் வந்த வழியைக் கொஞ்சம் அறிய வேண்டும். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் பட்டினியிலும் பலர் வழியிலேயே இறந்தார்கள். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. பிறகு மண்டபம் முகாமில் வைத்தியப் பரிசோதனை முடித்து, கூட்டம் கூட்டமாக ரயிலேற்றினார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு எல்லிஸ் தீவு எப்படியோ, இவர்களுக்கு மண்டபம் அப்படி. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எல்லிஸ் தீவைத் தாண்டியவர் விரும்பிய நகரத்தில் விரும்பிய வேலையைத் தேடலாம். மண்டபத்தைத் தாண்டியவர் கங்காணியின் கடனோடுதான் வந்தார்.

வழிச்செலவும் முன்பணமும் கங்காணி கொடுத்தது. அது தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டும். இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன் என்று துரை எழுதித் தருவதுதான் துண்டு. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் அங்கும் தொடரும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். இந்தத் துண்டு முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

நடேசய்யர் தாம் கண்டதை எழுதினார். 1920 அளவில் இலங்கையிலேயே வந்து தங்கிவிட்டார். 1921 இல் ‘தேசநேசன்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1924 இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தாமே தொடங்கினார். அதே 1924 இல்தான் ரயில் பாதை எங்கள் ஊரைக் கடந்து பதுளையை எட்டியது. ஹாலிஎல ஸ்டேஷனைச் சுற்றிக் கடைகள் பெருகி ஊர் வளர்ந்தது அதன் பிறகுதான். தேயிலைப் பெட்டிகள் எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போன அந்தக் காலத்தில், அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் கதையை அவர் கொழும்பில் அச்சேற்றிக்கொண்டிருந்தார்.

எழுத்தோடு அவர் நிற்கவில்லை. கொழும்புத் தொழிலாளரின் தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து, இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் உப தலைவராக உழைத்தார். 1925 இல் இடைத்தேர்தல் ஒன்றில் வென்று, இந்தியர்களின் பிரதிநிதியாகச் சட்டசபைக்குப் போனார். ஆனால் அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. வேலை குறைந்து கஷ்டம் வந்த காலத்தில், இந்தியத் தொழிலாளர்தாம் காரணம் என்ற பேச்சு கொழும்பில் எழுந்தது. குணசிங்காவும் அப்பக்கம் சாய்ந்தார். 1928 அளவில் இருவரும் பிரிந்தார்கள். உழைக்க வந்தவனைப் பார்த்து, எங்கள் சோற்றைப் பிடுங்க வந்தவன் என்று சொல்வது அமெரிக்க நகரங்களிலும் நடந்ததுதான்.

1927 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி தோட்டங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயமானது. 1929 இல் மலைநாட்டில் அது நடைமுறைக்கு வந்தபோது ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதியபோது எனக்குக் கை நின்றுவிட்டது. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண். தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அவள் விரல்தான். அவளுக்கு 11 சதம் குறைவு. அந்தப் பட்டியலில் பிள்ளைக்கும் ஓர் இடம் இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பிறகு உலகமெங்கும் வியாபாரம் விழுந்தது. தேயிலை விலை குறைந்தது. துரைமார் சம்பளத்தில் கை வைத்தார்கள். நடேசய்யர் கொழும்பை விட்டு ஹற்றனுக்கு வந்து, 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத்து மக்களுக்கென்று எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. சட்டத்தையும் உரிமையையும் எளிய தமிழில் சிறு நூல்களாக எழுதினார். ‘நீ மயங்குவதேன்?’ என்ற அவருடைய நூல் அவ்வருடம் வந்ததுதான். எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை சதம் சம்பளம், எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று தொழிலாளிக்குத் தெரிந்துவிட்டால், கங்காணியின் வாய்க்கணக்கு செல்லாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனால் லயத்தில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்? இங்கேதான் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளைச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் பெண்களுக்காக எழுதியவர் அவர். கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். தோட்டத்து மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளிலேயே அவர்களின் துயரத்தையும் உரிமையையும் பாட்டாகக் கட்டினார். துண்டுப் பிரசுரம் வாசிக்கத் தெரியாதவள் பாட்டை மனனம் செய்துகொண்டு மலைக்குப் போவாள். கொழுந்து பறிக்கையில் பாடினால் பக்கத்து நிரைக்காரிக்கும் கேட்கும். காகிதத்தைப் பறித்துக் கிழிக்கலாம், காதில் விழுந்த பாட்டை என்ன செய்ய முடியும்? சிக்காகோவில் ஜேன் அடம்ஸ் என்ற பெண்மணி 1889 இல் குடியேறிகளின் தெருவிலேயே வீடெடுத்து அவர்களோடு வாழ்ந்து பணிசெய்தார். 1931 இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் ஹற்றனில் மீனாட்சியம்மாளின் கணவர் சங்கம் தொடங்கினார். மீனாட்சியம்மாளின் பெயர் நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகவாவது வந்தால் நன்றாயிருக்கும்.

1936 இல் நடேசய்யர் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அடுத்த பதினொரு வருடங்கள் அங்கே தோட்டத்து மக்களுக்காகப் பேசினார். அவரிடம் குறை இல்லாமல் இல்லை. கூட்டாளிகளோடு நெடுநாள் ஒத்துப்போக அவரால் முடியவில்லை. அவருடைய சங்கம் சில வருடங்களிலேயே தளர்ந்தது. 1939 இல் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேகமாக வளர்ந்தது. 1940 இல் நம் பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸ தோட்டத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது அதை நடத்தியவர்கள் சமசமாஜக் கட்சியினர். அவர் உழுத நிலத்தில் மற்றவர்கள் விதைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1947 பொதுத் தேர்தலில் அவர் தோற்றார். அந்த வருடமே நவம்பரில் காலமானார்.

அவர் மறைந்து ஓராண்டு நிறையுமுன் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1946 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேராக இருந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964 இல் செய்த ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசாங்கங்களும் இணங்கின. யார் போவது, யார் இருப்பது என்று லயம் லயமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அமெரிக்காவில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்நாட்டவராகவே வளர்ந்தார்கள். இங்கே பேரப்பிள்ளைகளையும் வந்தவர்களாகவே எண்ணினார்கள். கடைசி முடிச்சு 2003 இல் வந்த சட்டத்தோடுதான் அவிழ்ந்தது.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு வாப்பாவிடம் பழைய கடன் கொப்பிகளைக் கேட்டேன். மூன்று கொப்பிகள் பரணில் இருந்தன. ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. பெயர், லயம், துணி, பாக்கி என்று பத்தி பத்தியாகக் கணக்கு. மூத்தவர்கள் கையெழுத்தில் 1970 ஆம் ஆண்டுகளின் பக்கங்களில் பல பெயர்களுக்கு எதிரே, ஊருக்குப் போயாச்சு என்று மட்டும் எழுதி, பாக்கியைக் குறுக்காக அடித்திருந்தார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கடனை விட்டுக்கொடுத்திருக்கிறோம், அது நல்லது. ஆனால் நடேசய்யர் வேடம் போட்டு நுழைந்த இடத்துக்கு நாங்கள் வேடமில்லாமலே தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தோம். அவர் சில நாள் பார்த்ததை நாங்கள் எல்லா நாளும் பார்த்தோம். எங்கள் கொப்பியில் பாக்கியைத் தவிர வேறு எதுவும் எழுதப்படவில்லை.

சம்பள நாளுக்கு அடுத்த சனிக்கிழமைகளில் நானும் கடையில் நிற்பேன். தோட்டத்துப் பெண்கள் வருவார்கள். சிலர் சம்பளச் சிட்டையை நீட்டி, எவ்வளவு போட்டிருக்கிறது பாருங்க பிள்ளை என்பார்கள். முன்பெல்லாம் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் வாசித்துச் சொல்வேன். சிட்டை திரும்பி அவர்களின் இடுப்புச் சுருக்குக்குள் போய்விடும்.

சென்ற சனிக்கிழமை ஒரு அம்மா சிட்டையை நீட்டினார். கஜக்கோலுக்குக் கீழே அவருக்கு ஒரு ஸ்டூலைப் போட்டேன். முதல் வரியிலிருந்து தொடங்கி, எத்தனை நாள் பேர் போட்டிருக்கிறது, எதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் என்னை நிறுத்தி, அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு அந்த வரியில் ஒரு கோடு போட்டுத் தரும்படி கேட்டார். திங்கட்கிழமை ஒபிஸில் கேட்கப் போகிறாராம். வாப்பாவின் சிவப்புப் பேனையை எடுத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன்.