மகரக்கட்டு உடைந்த பிறகு...



பி.யு.சின்னப்பா என்றால் நம்ம ஹாஸ்டலில் பாதிப் பேர் "யாருப்பா அது?" என்று கேட்பீர்கள். 'பி' என்றால் புதுக்கோட்டை. 'யு' என்றால் அவரது தந்தை உலகநாத பிள்ளை. நம்ம ஊரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டையே பாட்டால் கட்டிப்போட்ட மனுஷர் அவர். எனக்கும் முதல் வருஷம் வரை தெரியாதுதான். கணக்கில் அரியர் விழுந்து, வீட்டில் முகம் காட்ட முடியாமல் கிடந்த நாளில், எங்க தாத்தா அவரோட கதையைச் சொன்னார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சின்னப்பா பிறந்தது 1916 மே 5. தந்தையும் நாடக நடிகர். பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டிய வயசிலேயே பையன் நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டான். அங்கிருந்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அந்தக் காலத்து மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி, உச்ச ஸ்தாயியில் எடுத்துப் பாட வேண்டும். பழைய மெட்டுகளும் வரும், அதே மெட்டில் புதுசாகக் கட்டிய பாட்டுகளும் வரும். விடிய விடிய நாடகம். அந்தப் பிஞ்சுக் குரலுக்குக் கூட்டம் சொக்கிப் போனது.

அப்புறம்தான் சோதனை. பையன்களுக்கு வயசு வரும்போது குரல் உடையும். அதை 'மகரக்கட்டு' என்பார்கள். பாய்ஸ் கம்பெனியில் குரல் போனால் எல்லாமே போன மாதிரிதான். சின்னப்பா ஊருக்குத் திரும்பினார். ஒரு பாட்டுக்காரனுக்குக் குரல் போவதென்றால் சும்மாவா? நமக்காவது அடுத்த செமஸ்டரில் திரும்ப எழுத ஹால் டிக்கெட் கிடைக்கும். அவருக்கு எந்த ஹால் டிக்கெட்டும் இல்லை.

ஆனால் மனுஷர் ஓய்ந்து உட்காரவில்லை. முறையாகச் சங்கீதம் கற்றார். தேகப்பயிற்சி, சிலம்பம், குஸ்தி என்று உடம்பையும் வளர்த்தார். 1936-இல் 'சந்திரகாந்தா' படத்தில் முகம் காட்டினார். அதற்குப் பிறகும் உடனே வாழ்வு வந்துவிடவில்லை. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்' வந்தது. தமிழில் முதல் இரட்டை வேடம் அதில்தான் என்பார்கள். 1941-இல் 'ஆர்யமாலா'. நம்ம கிராமங்களில் கூத்தாக ஆடுகிற காத்தவராயன் கதைதான் அது. 1942-இல் 'கண்ணகி'யில் கோவலன். 1944-இல் வந்த 'ஜகதலப்பிரதாப'னில் ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பா! பாடுகிறவரும் அவரே, பக்கத்தில் இருக்கிற வித்வான்களும் அவரே. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நடிக்கிறவரே பாட வேண்டிய காலம் அது. ஒரு பக்கம் எம்.கே.தியாகராஜ பாகவதர், இன்னொரு பக்கம் நம்ம சின்னப்பா. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்களாம்.

எங்க தாத்தா ஒரு பழைய இசைத்தட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் போச்சு. நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூணு, மூணரை நிமிஷம்தான் அடங்கும். எவ்வளவு பெரிய ராகமாக இருந்தாலும் அதற்குள் சுருக்கிப் பாடி முடிக்க வேண்டும். தாத்தா அன்றைக்கு அதை ஓட விட்டார். முதலில் 'கரகர' என்று இரைச்சல். அதைக் கிழித்துக்கொண்டு ஒரு கம்பீரமான குரல் வந்தது பாருங்கள்! உடைந்து போன குரலா இது என்று நான் அசந்து போனேன். தாத்தா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தட்டைத் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான்.

1951 செப்டம்பர் 23-இல் புதுக்கோட்டையிலேயே சின்னப்பா காலமானார். வயசு முப்பத்தைந்துதான். சேர்த்த வீடு வாசல் எதுவும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அந்த அரக்குத் தட்டுகளும் படச்சுருள்களும்தான் சொல்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாம், வீட்டில் இப்படி ஒரு தட்டு இருந்தால் தூசி தட்டிப் பதிவு செய்து வைக்கலாமே! இரைச்சலைக் குறைக்கிற ஃபில்டர் சர்க்யூட் நம்ம பாடத்திலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்தக் கணக்குப் பேப்பரை அடுத்த முறை பாஸ் பண்ணிவிட்டேன். மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்!

- மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன்