பேரிக்காய் திருட்டு முதல் ஜென்மப் பாவம் வரை: யார் இந்தப் புனித அகஸ்டின்?

பேச்சே வராத கைக்குழந்தை. தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையைப் பார்த்து அதற்கு முகம் வெளுத்துப்போகிறது, கோபமாக முறைக்கிறது. நாமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பு இதைக் கவனித்த ஒருவர் சிரிக்கவில்லை. குழந்தையிடம் கெடுதல் செய்யத் தெம்புதான் இல்லை, மனசு இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். மனிதர் பிறக்கும்போதே பாவத்தோடு பிறக்கிறார் என்ற கருத்துக்கு மேற்கத்திய கிறிஸ்தவத்தில் முழு வடிவம் கொடுத்த புனித அகஸ்டின்தான் அவர்.

கி.பி. 354-ல், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற சிறிய ஊரில் பிறந்தார். அம்மா மோனிக்கா தீவிர கிறிஸ்தவர். அப்பா சாவதற்குக் கொஞ்சம் முன்புதான் மதம் மாறினார். சின்ன வயதில் அகஸ்டின் வயிற்று நோயால் சாகக் கிடந்தபோது ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடந்தது. பிழைத்ததும் அதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். வளர்கிற பையன் எப்படியும் தப்பு செய்வான், கழுவுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. பச்சைக் குழந்தைக்கே ஞானஸ்நானம் அவசியம் என்று பின்னாளில் வாதாடியவரின் சொந்தக் கதை இது!

16 வயதில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராத்திரி பக்கத்து மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். பசி இல்லை. அதைவிட நல்ல காய்கள் அவரிடமே இருந்தன. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசிவிட்டார்கள். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் நாற்பதுகளில் எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலில் இதற்காகப் பக்கம் பக்கமாகத் தன்னையே விசாரிக்கிறார். லாபமே இல்லாத தப்பை ஏன் செய்தேன்? தப்பு என்பதாலேயே அது இனித்ததா? தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். கூட்டத்தோடு சேர்ந்தால் மனிதர் மாறுவதைப் பற்றி இன்றைய உளவியல் நிறையப் பேசுகிறது. அவர் அதைத் தன் உடம்பிலேயே அறுத்துப் பார்த்தார்.

கார்த்தேஜில் படிக்கப் போனவர், ஒரு பெண்ணோடு திருமணம் இல்லாமலேயே சேர்ந்து வாழ்ந்தார். அதேயோடாத்துஸ் என்று ஒரு மகன். அந்தக் காலத்தில்தான் மானி மதத்தில் சேர்ந்து சுமார் 9 ஆண்டுகள் இருந்தார். தீமை என்பது இருளிலிருந்து வரும் தனிச் சக்தி என்பது அந்த மதத்தின் போதனை. தப்பு செய்வது நானில்லை, எனக்குள் இருக்கும் வேறொன்று என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

384-ல் மிலான் நகரில் பேச்சுக்கலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. பெரிய இடத்துச் சம்பந்தம் வேண்டும் என்று அம்மா பெண் பார்த்தார். நிச்சயித்த பெண்ணுக்குத் திருமண வயது வர இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. கூடவே வாழ்ந்த பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மகன் இவரோடு இருந்துவிட்டான். நெஞ்சு அறுந்து ரத்தம் வடிந்தது என்கிற மாதிரி எழுதும் அகஸ்டின், காத்திருக்க முடியாமல் உடனே இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதையும் மறைக்கவில்லை. சில பேரிக்காய்களுக்கு அத்தனை பக்கம் ஒதுக்கியவர், அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரின் பெயரைக்கூட எங்கும் எழுதவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

எது சரி என்று தெரிகிறது, செய்யத்தான் முடியவில்லை. இந்த அனுபவத்தின் மேல்தான் அவருடைய தத்துவமே நிற்கிறது. 386-ல் மனம் திரும்பினார். அடுத்த ஆண்டு ஈஸ்டரில் ஆயர் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம். அம்மா, மகன் இருவரையும் சில ஆண்டுகளுக்குள் இழந்தார். 391-ல் ஹிப்போ நகர மக்கள் விடாப்பிடியாக அவரைக் குருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் ஆயரானார்.

பெலாஜியுஸ் எதிர்த்தது ஏன்?

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி பெலாஜியுஸ். கடவுளே கட்டளையிட்டு, அதை நிறைவேற்றும் பலத்தையும் அவரே தர வேண்டும் என்ற அகஸ்டினின் வேண்டுதல் அவரைக் கோபப்படுத்தியது. முடியாததைக் கடவுள் எப்படிக் கேட்பார்? ஆதாம் கெட்ட முன்னுதாரணம், அவ்வளவுதான். அவன் பாவம் யாருக்கும் சொத்து மாதிரி இறங்கி வராது. மனசு வைத்தால் மனிதரால் நல்லவராக இருக்க முடியும். இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எல்லோரும், தெரியாமலேயே, பெலாஜியுஸ் கட்சிதான்.

அகஸ்டின் விடவில்லை. ஆதாமில் எல்லோரும் பாவம் செய்தார்கள் என்று ரோமர் நிருபத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பு சொன்னதை ஆதாரமாகக் காட்டினார். எல்லோரும் பாவம் செய்ததால் என்றுதான் கிரேக்க மூலம் சொல்கிறது என்பது இன்றைய அறிஞர்கள் பலரின் கருத்து. 418-ல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் கருத்துகளைக் கண்டித்தது.

சிக்கல் குழந்தைகளிடம் வந்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தையும் தண்டனைக்கு உட்பட்டதே, ஆனால் மிக லேசான தண்டனை என்றார் அகஸ்டின். இது என்ன நீதி என்று இத்தாலிய ஆயர் ஜூலியன் சாகும்வரை அவரை விரட்டினார். பழைய மானி வாசனை இன்னும் போகவில்லை என்றும் குத்திக்காட்டினார். கிழக்கத்திய திருச்சபைகள் பரம்பரைக் குற்றம் என்ற கருத்தை ஏற்கவே இல்லை. 2007-ல் வத்திக்கானின் இறையியல் ஆணையம், அந்தக் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என அறிவித்தது.

அறிவியல் யார் பக்கம்?

அதே 2007-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று ‘நேச்சர்’ இதழில் வந்தது. மலையேறும் பொம்மைக்கு ஒன்று உதவுகிறது, இன்னொன்று கீழே தள்ளுகிறது. 6 மாத, 10 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை உதவியதையே எடுத்தன. பெலாஜியுஸ் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால், தங்களுக்குப் பிடித்த உணவு பிடிக்காத பொம்மையைத் துன்புறுத்துபவரைக் குழந்தைகள் விரும்புவதாக 2013-ல் இன்னொரு ஆய்வு. இது அகஸ்டின் பக்கம். பிறகு பல ஆய்வகங்கள் சேர்ந்து முதல் சோதனையைத் திரும்பச் செய்து 2024-ல் முடிவை வெளியிட்டபோது, உதவும் பொம்மை மீது தனி விருப்பம் எதுவும் தெரியவில்லை.

பஞ்சாயத்து முடியவில்லை. முடிந்தாலும், பொம்மையை வைத்துக் குழந்தையின் சாய்வை அளக்கலாம், குற்றத்தை அளக்க முடியாது. பொறாமையைப் பார்த்ததில் அகஸ்டின் தவறவில்லை. அந்தப் பார்வையிலிருந்து தீர்ப்புக்குத் தாவியதுதான் பிரச்சினை.

430-ல் வாண்டல் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது காய்ச்சலில் படுத்தார். மனந்திரும்புதல் பற்றிய தாவீதின் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொன்னார். மருத்துவரும் உணவு கொண்டுவருபவரும் வரும் நேரம் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. கடைசிப் பத்து நாட்கள் அதைப் படித்தபடி அழுதுகொண்டிருந்தார். ஆகஸ்ட் 28-ல் இறந்தபோது அவருக்கு வயது 75.