மரையாணிக்கு முறை வகுத்த சர் ஜோசப் விட்வேர்த்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய ஊர்கள் நெல்லால் வாழும் ஊர்கள். அங்குள்ள அரிசி ஆலையொன்றிலே இயந்திரத்தின் சுரை தேய்ந்துவிட்டால், ஆலைக்காரர் கடைத்தெருவுக்கு ஆளனுப்பி அதே அளவில் வேறொன்றை வாங்குவிப்பார். நட் என்றும் போல்ட் என்றும் நாம் வழங்கும் சுரையும் மரையாணியும் வெவ்வேறு தேசங்களிற் செய்யப்பட்டவையாயினும் ஒன்றோடொன்று இழைந்து பொருந்துகின்றன. இதனை இயல்பென்று எண்ணி நாம் வியப்பதில்லை. ஆயின் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இது எளிதில் நடவாத காரியம். இதற்கு வழிகோலியவர் ஜோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலேயர்.

அவர் 1803ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி, மாஞ்செஸ்டர் நகருக்கு அணித்தான ஸ்டொக்போர்ட் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். பின்னர் சமயப் போதகரானவர். பதினான்காம் வயதிலே, பஞ்சாலை நடத்திய மாமனாரிடம் தொழில் பயில அனுப்பப்பட்டார். பிள்ளை தமக்குப் பின் ஆலையைக் கொண்டு நடத்துவான் என்பது மாமனாரின் எண்ணம். பையனின் மனமோ நூலில் ஒட்டவில்லை. நூற்கும் இயந்திரத்திலே ஒட்டிற்று. சில ஆண்டுகளில் ஆலையைத் துறந்து மாஞ்செஸ்டர் சென்று சாதாரணக் கம்மியராக வேலைக்கமர்ந்தார். 1825இல் இலண்டன் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த கருவி வல்லுநரான ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையிற் சேர்ந்தார்.

செம்மையான இயந்திரத்துக்கு முதற்றேவை செம்மையான சமதளம் என்பதை அவர் அங்கு உணர்ந்தார். இரண்டு இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சீர்செய்தால், ஒன்று குழிந்தும் மற்றது அதற்கேற்பப் புடைத்தும் அமைந்து, பொருந்துவனபோல் ஏமாற்றக்கூடும். மூன்று தகடுகளை மாறிமாறி ஒப்பிட்டுச் சுரண்டிச் சீர்செய்யின், மூன்றும் சமதளமானாலன்றி அவை தம்முட் பொருந்தா. இந்த முறையை வளர்த்துச் செம்மைப்படுத்திய விட்வேர்த், 1833இல் மாஞ்செஸ்டர் திரும்பித் தமக்கெனக் கருவித் தொழிற்சாலை நிறுவினார். 1840இல் இம்முறையை அறிஞர் அவையில் விளக்கினார்.

அந்நாளிலே ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல மரை வெட்டிற்று. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புரிகள் இருத்தல் வேண்டும், புரியின் கோணம் யாது என்பவற்றுக்குப் பொதுவிதி இருக்கவில்லை. ஓரிடத்திற் செய்த மரையாணி உடைந்தால், அதனைச் செய்த பட்டறையையே தேடிச் செல்லவேண்டும். விட்வேர்த் பல பட்டறைகளிலிருந்து மரையாணிகளைத் திரட்டி, அவற்றின் அளவுகளை ஒப்பிட்டு, அவற்றிற்கு நடுவான அளவைக் கண்டார். கோணம் 55 பாகை; ஒவ்வொரு பருமனுக்கும் ஒரு புரித்தொகை. இத்திட்டத்தை 1841இல் இலண்டன் குடிசார் பொறியியலாளர் சங்கத்தின்முன் வைத்தார். தம் பட்டறையின் அளவே சிறந்ததென்று அவர் வாதாடவில்லை. எல்லோருடைய வழக்கத்துக்கும் அணித்தான அளவைக் காட்டியமையால், எவரும் தோற்றதாக எண்ணாமல் அதனை ஏற்க முடிந்தது. 1860ஆம் ஆண்டளவில் அது பிரித்தானியா எங்கும் பரவிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திலே இலங்கைக்கு வந்த பிரித்தானிய இயந்திரங்களோடு விட்வேர்த்தின் மரையும் வந்து சேர்ந்தது.

1851ஆம் ஆண்டின் பெருங்கண்காட்சியிலே அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு கூறை அளக்கும் கருவியைக் காட்டிப் புகழெய்தினார். அறுகோணத் துளையுடைய துப்பாக்கி ஒன்றையும் ஆக்கினார். குறி தவறாமையில் அது சிறந்திருந்தும் அரசாங்கப் படை அதனை ஏற்கவில்லை. எனினும் 1869இல் பரனெட் பட்டம் அவரை வந்தடைந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, கைத்தொழிலும் கல்வியும் ஒருங்கேயுள்ள இளைஞருக்கென உதவிச்சம்பளங்களை நிறுவியிருந்தார். 1887ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி மொண்டி கார்லோவிற் காலமானார். பிள்ளைப்பேறற்ற அவரது செல்வத்திற் பெரும்பகுதி கல்விக்கும் கலைக்கும் மருத்துவத்துக்கும் சென்றது.

அவர் வகுத்த முறை ஒன்றாயினும், உலகம் ஒன்றாகவில்லை. 1864இல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தில் வேறொரு முறை வகுத்தார். இரண்டாம் உலகப்போரில் நேசநாடுகளின் மரைகள் தம்முட் பொருந்தாது இடர்செய்தன. ஆகவே 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகைக் கோணமுடைய பொதுமுறைக்கு உடன்பட்டன. 1965இல் பிரித்தானியா மில்லிமீற்றர் அளவை நோக்கித் திரும்பிற்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலை அணையைக் கட்டியதும் அமெரிக்க நிறுவனமே. இங்ஙனம் பல நாட்டு இயந்திரங்கள் புழங்கிய பிரதேசத்திலே, மரை வேற்றுமையை அறிதல் உயிர்காக்கும் அறிவாகும்.

அரை அங்குல விட்வேர்த் மரையில் அங்குலத்துக்குப் புரி 12. அமெரிக்க மரையில் 13. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றன்மேல் மற்றது ஓரிரு சுற்று ஏறிப் பின் இறுகிவிடும். அதனைத் துருவென்று கருதி ஸ்பேனரால் முறுக்குவோர் புரியையே சிதைக்கின்றனர். சிதைந்த புரி அன்றைக்குத் தாங்கும். ஆலை முழுவேகத்தில் அதிரும் நாளிலே கைவிடும். சுழலும் கப்பி கழன்று பறப்பின் எதிர்நிற்பவர் கதி யாதாகும்?

ஆதலின் பழைய மரையாணியைக் கடைக்கு எடுத்துச் சென்று, புரிமானியால் ஒப்பிட்டு வாங்குதல் நன்று. மில்லிமீற்றர் மரையாணியின் தலையிலுள்ள எண்ணையும் நோக்கவேண்டும். 8.8 என்ற எண்ணுடையது இருந்த இடத்திலே 4.6 இடுவோர் பாதி வலிமையையே இடுகின்றனர். உப்புக்காற்றுப் படும் கரையோரத்திலே, கல்வனைஸ் எனக் கடைகளில் வழங்கும் நாகம் பூசிய மரையாணிக்கு அதற்கென வெட்டிய சுரையே பொருந்தும். சுரை கையாலேயே ஏறுதல் வேண்டும். ஸ்பேனர் இறுக்குதற்கேயன்றி ஏற்றுதற்கன்று. வட்டமாகப் பல மரையாணிகள் உள்ளவிடத்து, எதிரெதிராகச் சிறிது சிறிதாய் இறுக்கினாற்றான் பாரம் சமமாகப் பரவும்.

மறைந்தபின்னும் பிறர்க்குப் பயன்தந்துகொண்டிருக்கும் தருமத்தை நம் மக்கள் ஸதக்கத்துல் ஜாரியா என்பர். விட்வேர்த் விட்டுச்சென்ற செல்வத்தை எண்ணும்போது அச்சொல்லின் பொருள் நினைவில் எழுகின்றது. அவரது 55 பாகைக் கோணம் இன்று அருகிவிட்டது. அளவு எல்லோர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்ற அவரது கொள்கை அருகவில்லை. ஆலையிலே ஒரு சுரையை இறுக்கும் தொழிலாளி, அதன் அளவைப் பேணும்போது, தன்னருகே நின்று நெல்லள்ளும் தோழனின் உயிரையும் பேணுகின்றான்.