அஞ்சியவர்க்குச் செவி சாய்த்த அறிஞர் ரிவர்ஸ்

அச்சம் இல்லாத மனிதர் உலகில் இல்லை. இருட்டுக்கு அஞ்சுவோர் உண்டு. பல்லியைக் கண்டு அலறுவோர் உண்டு. தேர்வு எழுத அமர்ந்ததும் படித்ததெல்லாம் மறந்து கைகால் நடுங்குவோர் நம் வகுப்புகளிலேயே உண்டு. ஆடித்தபசுக்கு நம் சங்கரன்கோவிலுக்கு வரும் வெளியூர் மக்களில் பலர், பாம்பு முதலிய நச்சுயிர்களைப் பற்றிய பயம் நீங்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டு புற்றுமண் எடுத்துச் செல்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயினும் பயப்படுகிறவரைக் கண்டு சிரிப்பதும், கோழை என்று இகழ்வதும் நம்மிடம் இன்னும் மறைந்தபாடில்லை.

அச்சம் இழிவன்று, காரணம் அறிந்து ஆற்றவேண்டிய நோவு அது. இதனைத் தம் பணியால் உலகுக்கு உணர்த்திய டாக்டர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் அவர்களின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர் நமது நீலகிரி மலைக்கு வந்து தங்கி, அங்கு வாழும் தோடர் மக்களிடம் பாடம் கேட்டவர் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

இளமை

1864ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ரிவர்ஸ் பிறந்தார். தந்தை ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு; திக்குவாயைத் திருத்தும் பயிற்சி அளிப்பதிலும் வல்லவர். தாய்மாமன் ஜேம்ஸ் ஹண்ட் அதே துறையில் பெயர் பெற்றவர். இத்தகைய குடும்பத்தில் பிறந்த ரிவர்ஸுக்கோ திக்குவாய்! எத்தனையோ பயிற்சி செய்தும் அது முற்றிலும் அகலவில்லை. பேசுவதற்கே அஞ்சுகிறவரின் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர் பிறர் சொல்லி அறியவேண்டியிருக்கவில்லை.

பள்ளிப் படிப்பின் இறுதியில் டைபாய்டு காய்ச்சல் கண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உதவித்தொகைத் தேர்வை அவர் இழந்தார். மனம் தளராமல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, 1886இல், தமது 22ஆம் வயதில் பட்டம் பெற்றார். கப்பல் மருத்துவராகக் கடல்கள் பல கடந்தார். 1893 முதல் கேம்பிரிட்ஜில் விரிவுரை ஆற்றினார். அன்று எந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுத முடியாமற் போயிற்றோ, அங்கேயே ஆசிரியராக அமர்ந்தார்! பிரிட்டனின் தொடக்ககால உளவியல் ஆய்வுக்கூடங்களை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர்.

நீலகிரியில்

1898இல், ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையேயுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஆய்வுக் குழு ஒன்றுடன் ரிவர்ஸ் சென்றார். மக்களின் உறவுமுறைகளை அறிய, வம்சாவளியைக் கேட்டு எழுதும் முறையை அங்கேதான் வகுத்தார். அம்முறையைக் கைக்கொண்டு 1901ஆம் ஆண்டின் இறுதியில் உதகை வந்து, 1902இலும் தங்கித் தோடர்களை ஆராய்ந்தார். அக்காலத்தில் தோடர் மொத்தம் ஏறத்தாழ 800 பேர்தாம்.

வம்சாவளி எழுதுவது எளிதாக இருக்கவில்லை. இறந்துபோன உறவினரின் பெயரைச் சொல்வது தோடரிடையே விலக்கப்பட்ட ஒன்று. ரிவர்ஸ் யாரையும் வற்புறுத்தவில்லை. ஒரு குடும்பத்தின் செய்தியை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு அறிந்துகொண்டார். எருமைகளும் பால்மடமுமே தோடர் வழிபாட்டின் உயிர்நாடி. அவற்றின் மறைவான சடங்குகளை அவருக்குச் சொன்ன சிலருக்கு இடையில் துன்பங்கள் நேர்ந்தன. மறைபொருளை வெளியிட்டதால் தெய்வங்கள் சினந்தன என்று மக்கள் கலங்கினர்; பலர் பேச மறுத்தனர். அவர் இதனை நகையாடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தம் நூலிலேயே எழுதி வைத்தார். 1906இல் வெளிவந்த அந்நூல், தோடரைப் பற்றி ஆராய்வோர் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூலாகும்.

பிறர் அச்சத்தை மதிப்பதும், அவர் சொல்லும் வரை பொறுத்திருப்பதும் பின்னாளில் ரிவர்ஸ் செய்த பெருந்தொண்டுக்கு ஆதாரமாயின. அப்பண்புக்கு நீலகிரியும் ஒரு பள்ளிக்கூடமாய் இருந்தது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

மதுவும் மனமும்

ஊர் திரும்பிய ரிவர்ஸ், மது, காப்பியிலுள்ள காபின் போன்ற பொருள்கள் களைப்பை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார். விரலால் எடையைத் தூக்கச் செய்து களைப்பை அளக்கும் கருவியே இவ்வாய்வுக்கு உதவியது. அவர் தம்மையே ஆய்வுக்கு உட்படுத்திக்கொண்டு, தேநீர், காப்பி, மது முதலியவற்றைக் கைவிட்டார். அப்போது ஓர் உண்மையை உணர்ந்தார். இதைக் குடித்தேன், இனி வலிமை வரும் என்ற எதிர்பார்ப்பே விளைவை மாற்றிவிடுகிறது. ஆதலால் மருந்துள்ள பானத்தையும் மருந்தில்லாப் பானத்தையும் சுவையில் வேறுபாடு தெரியாதவாறு கலக்கச் செய்து, எது எதுவென்று அறியாமலே பருகினார். இன்று புதிய மருந்துகளைச் சோதிப்பதில் இத்தகைய முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

காபின் உண்மையாகவே வேலைத்திறனைக் கூட்டியது. சிறிதளவு மது உடலுக்கு வலிமை தருகிறது என்பதற்கோ உறுதியான சான்று அவருக்குக் கிட்டவில்லை. இவ்வாய்வு 1908இல் நூலாக வெளிவந்தது. குடித்தால்தான் களைப்பு நீங்கும், தைரியம் வரும் என்று சொல்வோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அந்த நம்பிக்கை எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

போர் தந்த மனப்புண்

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. குண்டு வெடிப்பின் நடுவே மாதக்கணக்கில் கிடந்த வீரர்கள் உடலில் காயமின்றியே நடுங்கினர், பேச்சிழந்தனர், தூக்கத்தில் அலறினர். இது நோய் என்பதை ஏற்காதோர் பலர். சில மருத்துவர்கள் மின்சாரம் பாய்ச்சினர். போர்முனையை விட்டு ஓடினர், கோழைத்தனம் காட்டினர் என்பன போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படையில் 306 வீரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006ஆம் ஆண்டில்தான்!

ரிவர்ஸ் 1915இல் லிவர்பூலுக்கு அருகிலுள்ள மாகல் மருத்துவமனையிலும், 1916 முதல் எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையிலும் இத்தகையோருக்குச் சிகிச்சை அளித்தார். நடந்ததை மறந்துவிடு, நினைக்காதே என்று மற்றவர்கள் அறிவுரை கூறியபோது, அவர் அதற்கு நேர்மாறான வழியைக் கண்டார். பகலில் அடக்கிய நினைவு இரவில் கொடுங்கனவாக வரும். ஆதலால் அதனைச் சிறிது சிறிதாகப் பேசி, தாங்கத்தக்கதாக ஆக்கிக்கொள்ளவேண்டும் என்பதே அவர் கொள்கை.

தம் நண்பர் குண்டுவெடிப்பில் சிதைந்து கிடந்ததைக் கண்ட அதிகாரி ஒருவர் உறக்கமின்றித் தவித்தார். உடல் அவ்வாறு சிதைந்திருந்ததே, நண்பர் துன்பமின்றி நொடியில் இறந்தார் என்பதற்குச் சான்று என்று ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். அந்த எண்ணம் அதிகாரிக்கு ஆறுதலாயிற்று. பிறகும் நண்பர் கனவில் வந்தார். ஆனால் அதில் திகில் இல்லை, துயரம் மட்டுமே இருந்தது.

மற்றொருவர் ஒரு மருத்துவர். அடைபட்ட இடமென்றால் இளமை முதல் அவருக்கு நடுக்கம். பதுங்குகுழியில் உறங்க முடியவில்லை. பழைய நினைவுகளை ரிவர்ஸ் பொறுமையோடு கிளறச் செய்தார். மூன்று நான்கு வயதில், பழைய துணி வாங்கும் கிழவர் ஒருவரின் வீட்டு இருண்ட நடையில், கதவு மூடிக்கொள்ள, எதிரே நாய் உறுமி நின்றது நினைவுக்கு வந்தது. காரணம் தெரிந்தபின் அச்சம் அகன்றது.

எல்லாரையும் அவரால் குணப்படுத்த முடிந்ததா? இல்லை. ஆறுதலுக்கு இடமே இல்லாத கொடுமையைக் கண்ட ஒருவருக்குத் தம் முறை பயன்படவில்லை என்பதை ரிவர்ஸ் ஒளிக்காமல் எழுதினார். அவரைப் படையிலிருந்து விலகி நாட்டுப்புற அமைதியில் வாழுமாறு அனுப்பினார்.

குணமானவரை மீண்டும் போர்முனைக்கு அனுப்பவேண்டியதும் அவர் கடமையாய் இருந்தது. போரை எதிர்த்து 1917இல் அறிக்கை விடுத்த கவிஞர் சீக்ஃபிரிட் சாசூன் அவரிடம் அனுப்பப்பட்டபோது, இக்கடமை சரிதானா என்ற கேள்வி ரிவர்ஸின் மனத்தையே வாட்டியது. சாசூன் அவரை இறுதிவரை தந்தைபோல் போற்றினார்.

போர் அனுபவங்களை அடக்கிவைப்பதன் தீங்கைப் பற்றிய ரிவர்ஸின் கட்டுரை 1918இல் வெளிவந்தது. அதே கொள்கையை விரிவாக விளக்கும் நூல் 1920இல் வந்தது. 1922 ஜூன் 4ஆம் நாள், குடலிறக்க நோயால், 58ஆம் வயதில் அவர் திடீரென மறைந்தார்.

நாம் பெறும் பாடம்

மாணவியரே, நம் ஆண்டவர் கெத்சமனித் தோட்டத்தில் மனம் கலங்கியபோது, அக்கலக்கத்தை மறைக்கவில்லை. தம் சீடரிடம் சொல்லி, தம்மோடு விழித்திருக்குமாறு கேட்டார். நாம் மட்டும் ஏன் மறைக்கவேண்டும்? உங்களை அச்சுறுத்துவது தேர்வாயினும், வீட்டில் நடக்கும் குடிச்சண்டையாயினும், யாரேனும் இழைத்த தீங்காயினும், நம்பத்தக்க பெரியவரிடம் சொல்லுங்கள். தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ சொல்ல இயலாதபோது 1098 என்ற சிறுவர் உதவி எண்ணும், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் கட்டணமின்றி உள்ளன.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். மகள் பயமாயிருக்கிறது என்று சொல்லும்போது, இதெல்லாம் ஒரு பயமா என்று அவள் வாயை அடைத்துவிட வேண்டாம். பத்து நிமிடம் அருகில் அமர்ந்து, குறுக்கே பேசாமல் கேளுங்கள். தேவையானால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். காய்ச்சலுக்குச் செல்வதில் நமக்கு வெட்கமில்லையே!

திக்கித் திக்கிப் பேசிய ஒருவர், பேச முடியாதிருந்த பலரைப் பேச வைத்தார். அவரைப்போல் பொறுமையாகச் செவி கொடுக்கும் நல்லுள்ளத்தை இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக!